ஒரு நோயும் மூவகைப் பணமும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அமைந்துள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் காத்திருப்புக் கூடத்தில் மலையாளத்தோடு தமிழும் ஒலிப்பது வழக்கம். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் விடியற்காலையில் புறப்பட்டு வருவோர் அங்கே நிறைய உண்டு. பழைய மருத்துவச் சீட்டுகளும் எம்.ஆர்.ஐ. படங்களும் அடங்கிய பெரிய உறை ஒவ்வொருவர் மடியிலும் இருக்கும்.

அவர்களுள் ஒருவரை மனத்தில் உருவாக்கிப் பார்க்கலாம். வயது 26. முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. ஒரு நாள் வலக்கண் பார்வை மங்கியது. சில வாரங்களில் தானாகவே தெளிந்தது. இரவெல்லாம் படித்த களைப்பு என்று வீட்டில் சொன்னார்கள். ஓராண்டு கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. மூளைப் படத்தில் வெண்ணிறத் திட்டுகள் தெரிந்தன. மருத்துவர் சொன்ன பெயர் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’. அப்பெயரைக் கேட்டவுடன் எவரும் மூன்று கேள்விகளைக் கேட்பர்: இது என்ன நோய்? இதற்கு மருந்து உண்டா? எவ்வளவு செலவாகும்? நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அதை எவரும் கேட்பதில்லை. ஆனால் முதல் மூன்றின் விடைகளும் அதைச் சார்ந்தே அமைந்துள்ளன. அந்த விடைகளைக் கண்டறிய யார் பணம் கொடுத்தார்கள் என்பதே அக்கேள்வி.

நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே பகையாகக் கருதி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையைத் தாக்குவதால் வரும் நோய் இது. தாக்குண்ட இடங்கள் தழும்பேறி இறுகிவிடுகின்றன. 1868இல் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்க்கோ இந்நோயைத் தெளிவாக வரையறுத்தபோது, அந்தத் தழும்புத் திட்டுகளைக் கொண்டே பெயரும் சூட்டினார். கடினம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லே ‘ஸ்கிளிரோசிஸ்’ என்பதன் வேர். தமிழில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என எழுதுவோர் உண்டு. அப்பெயரில் மூளை விடுபட்டுப்போகிறது. உலகில் ஏறத்தாழ 29 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாகப் பன்னாட்டு எம்.எஸ். கூட்டமைப்பு 2023இல் கணக்கிட்டது. பெரும்பாலோர்க்கு 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்கள் இரு மடங்குக்கும் குறையாமல் பாதிக்கப்படுகின்றனர். ஒருவர் ஆய்வேடு எழுதும் வயதும் இந்நோய் தொடங்கும் வயதும் ஒன்றே.

ஆராய்ச்சிக்கு வரும் பணத்தைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன: கொடை, நல்கை, முதலீடு. மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில் வந்து சேரக்கூடும். ஆயினும் அவற்றின் இயல்பு வேறு. கொடை என்பது கொடுப்பவரின் நெஞ்சிலிருந்து வருவது. ‘நல்கு’ என்னும் வினைக்குப் பழந்தமிழில் கொடுத்தல், அருள்செய்தல், அன்புகாட்டல் ஆகிய பொருள்கள் உண்டு. புலவர்க்குப் பரிசில் நல்கும் வேந்தனிடமிருந்து அச்சொல் இன்று பல்கலைக்கழக நல்கைக் குழுவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைய வழக்கில் நல்கை என்பது அரசு தரும் பொதுப்பணம். முதலீடோ திரும்பி வரவேண்டிய பணம். எம்.எஸ். ஆராய்ச்சியின் எண்பதாண்டு வரலாற்றை இந்த மூன்று சொற்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.

முதலில் கொடை. 1945 மே 1 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் ஒரு சிறு விளம்பரம் வெளிவந்தது. இந்நோயிலிருந்து மீண்டவர் எவரேனும் இருந்தால் நோயாளியுடன் தொடர்புகொள்ளுமாறு அது கேட்டுக்கொண்டது. அதை வெளியிட்டவர் சில்வியா லாரி என்னும் இளம்பெண். அவருடைய தம்பி பெர்னார்டுக்கு எம்.எஸ். இருந்தது, எந்த மருத்துவரிடமும் விடை இல்லை. விளம்பரத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மறுமொழிகள் வந்தன. ஆனால் மீண்டவர் என ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லோரும் அதே விடையைத் தேடிக்கொண்டிருந்த நோயாளிகளும் உறவினரும்தான்.

தேடியது கிடைக்காதபோது லாரி தேடுபவர்களைத் திரட்டினார். 1946 மார்ச்சில் அவர் தொடங்கிய அமைப்பே பின்னர் அமெரிக்காவின் தேசிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமாக வளர்ந்தது. அதன் முதல் ஆராய்ச்சி உதவி கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எல்வின் காபட்டுக்குச் சென்றது. எம்.எஸ். நோயாளிகளின் மூளை-தண்டுவட நீரில் காணப்படும் எதிர்ப்புரதங்களை அவர் ஆராய்ந்தார். இன்று முதுகில் ஊசியிட்டு அந்த நீரை எடுத்துச் செய்யும் சோதனை அவ்வழி வளர்ந்ததே. தமக்கை ஒருவரின் தவிப்பில் பிறந்த பணம், முக்கால் நூற்றாண்டு கழித்துத் திருவனந்தபுரத்து நோயாளியின் சோதனைக்கூட அறிக்கையில் ஒரு வரியாக வந்து நிற்கிறது.

பிற நாடுகளும் தொடர்ந்தன. கனடாவில் 1948இலும் பிரிட்டனில் 1953இலும் சங்கங்கள் அமைந்தன. 1967இல் லாரியின் முயற்சியால் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985இல் மும்பையில் தோன்றியது. மேலைநாட்டுச் சங்கங்கள் நடைப்பயணம், மிதிவண்டிப் பயணம், உயில்வழி நன்கொடை எனப் பணம் திரட்டி ஆராய்ச்சிக்குத் தருகின்றன. அமெரிக்கச் சங்கம் மட்டுமே இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் ஆராய்ச்சிக்குச் செலவிட்டுள்ளது. இந்தியச் சங்கத்தின் நிலை வேறு. நோயாளிக்கு மருந்து, உடற்பயிற்சி மருத்துவம், ஆறுதல் ஆகியவற்றைத் தேடித்தருவதே அதன் முதற்பணியாக அமைந்தது. கையில் உள்ள பணம் இன்றைய வலிக்கே போதாதபோது நாளைய ஆய்வுக்கு எங்ஙனம் எஞ்சும்?

கொடையின் பெருமை, நோயை அறிந்தவரே கேள்வி கேட்கிறார் என்பது. அதன் எல்லையும் அங்கேயே உள்ளது: நோயாளிகள் எங்கே கண்ணுக்குத் தெரிகிறார்களோ அங்கேதான் கொடை திரளும். இது வெள்ளையரின் நோய், குளிர்நாட்டு நோய் என்னும் எண்ணம் நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது. இந்தியாவில் முதலில் நன்றாக எண்ணப்பட்டவர்கள் மும்பைப் பார்சிகள். சிறிய சமூகம், ஒழுங்கான பதிவேடுகள் உள்ள சமூகம். 1980களின் ஆய்வுகள் அவர்களிடையே லட்சத்துக்கு 20 பேருக்கு மேல் இந்நோய் இருப்பதைக் காட்டின. மங்களூரில் நரம்பியலாளர் லேகா பண்டிட் குழுவினர் நகர மக்களிடையே எண்ணி 2014இல் வெளியிட்ட ஆய்வில் லட்சத்துக்கு 8 என்னும் அளவு கிடைத்தது. மேலைநாட்டு அளவை நோக்க இது குறைவு. ஆனால் 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் குறைந்த விகிதமும் பெரிய எண்ணிக்கையே ஆகும்.

எண்ணாமல் விட்டதன் விளைவு எண்ணிக்கையோடு முடிவதில்லை. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் ஒரு நோய்வகை ஆசியாவில் மிகுதி. ஜப்பானில் அதனை எம்.எஸ்.ஸின் ஓர் உட்பிரிவாகவே கருதிவந்தனர். 2004இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையும் ஜப்பானின் செண்டாய் நகர ஆய்வாளரும் சேர்ந்து நோயாளிகளின் குருதியில் தனியானதோர் எதிர்ப்புரதத்தைக் கண்டனர். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் அந்நோய் வேறு, எம்.எஸ். வேறு என்பது உறுதியாயிற்று. எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் மருந்து இந்த நோயாளிகளின் நிலையை மேலும் மோசமாக்கக்கூடும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. நோய்க்கு எல்லை வரைந்த ஆய்வுகள் ஓரிடத்து நோயாளிகளைக் கொண்டே நிகழ்ந்ததால், வேறிடத்து நோயாளி பிழையான பெயரையும் பிழையான மருந்தையும் பெற்றார். ஆய்வுப் பணத்துக்கு நிலவியல் உண்டு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

அடுத்தது நல்கை. கொடையால் மட்டும் இயலாது என்பதை லாரியே முதலில் உணர்ந்தார். அவரும் பிறரும் அமெரிக்க நாடாளுமன்றத்தை இடைவிடாது வலியுறுத்தியதன் பயனாக, 1950இல் நரம்பு நோய்களுக்கான தேசிய நிறுவனம் சட்டத்தின் வழி அமைந்தது. இன்று அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்கள் எம்.எஸ். ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் 10 கோடி டாலருக்கு மேல் தருகின்றன. வியப்பளிக்கும் வேறொரு வழியும் உண்டு: 2009 முதல் அந்நாட்டின் பாதுகாப்புத் துறை நிதியிலும் எம்.எஸ். ஆய்வுக்கெனத் தனித் திட்டம் இயங்குகிறது. குண்டு வாங்கும் கருவூலத்தில் நரம்புறைக்கும் ஒரு பங்கு.

நல்கையின் தனிச்சிறப்பு, பயன் உடனே தெரியாத கேள்வியையும் அது பொறுத்துக்கொள்ளும் என்பதே. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னன், துவோரா டைட்டல்பாம் ஆகியோர் 1960களில் ஒரு செயற்கைச் சேர்மத்தை உருவாக்கினர். விலங்குகளில் எம்.எஸ். போன்ற நோயை அது உண்டாக்கும் என எதிர்பார்த்தனர். மாறாக, அது நோயைத் தடுத்தது. எதிர்பார்ப்பு பொய்த்த அந்தச் சோதனையிலிருந்து கிளாட்டிராமர் என்னும் மருந்து பிறந்து 1996இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. இடையே கடந்த காலம் ஏறத்தாழ முப்பதாண்டு. இத்தனை பொறுமை அடிப்படை ஆய்வுக்கான பணத்துக்கே இயலும். ஆண்டுக்கணக்கு முடிக்கும் பணத்துக்கு இயலாது.

மூன்றாவது முதலீடு. அதனை வில்லனாக்கிக் கதைசொல்வது எளிது; நேர்மையன்று. 1993இல் முதல் இன்டர்ஃபெரான் மருந்து ஒப்புதல் பெற்றது முதல் இன்றுவரை வந்த மருந்துகளை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் நிறுவனங்களின் முதலீடே. அப்பணம் இன்றேல் அந்த 26 வயது மாணவிக்கு இன்று கிடைக்கும் நம்பிக்கையின் பெரும்பகுதி இராது. எனினும் முதலீடு எந்தக் கேள்வியைக் கேட்கும், எதைக் கேளாது என்பதற்கு ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தின் கதையே தக்க சான்று.

ரிட்டுக்சிமாப் 1997இல் குருதிப் புற்றுநோய் வகை ஒன்றுக்காக ஒப்புதல் பெற்ற மருந்து. 2008இல் 104 நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனை, அது எம்.எஸ்.ஸிலும் வலுவாகப் பயன்தருவதைக் காட்டியது. அந்தச் சோதனைக்குப் பணம் தந்தவை மருந்தை விற்ற நிறுவனங்களே. அடுத்து, விட்டுவிட்டு வரும் எம்.எஸ். வகைக்கு மூன்றாம் கட்டப் பெருஞ்சோதனை நடந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அதே வகைச் செல்களைக் குறிவைக்கும் ஓக்ரெலிசுமாப் என்னும் புதிய மருந்தே முன்னெடுக்கப்பட்டு 2017இல் ஒப்புதல் பெற்றது. புதிய மருந்தை உடல் எளிதாக ஏற்கும் என்னும் அறிவியல் காரணம் கூறப்பட்டது. பழைய மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம் எனப் பலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும் விளைவு ஒன்றே. மலிவாகப்போகும் மருந்து எம்.எஸ்.ஸுக்கு முறையான ஒப்புதல் பெறாமல் நின்றது. விலை மிகுந்த மருந்து பெற்றது.

நிறுவனம் கேட்காமல் விட்ட கேள்வியை ஸ்வீடனின் பொதுப்பணம் கேட்டது. ஸ்வீடிஷ் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில், ரிட்டுக்சிமாப் மருந்தையும் வழக்கமான மாத்திரை ஒன்றையும் ஒப்பிட்டு அந்நாட்டு மருத்துவமனைகளில் நடந்த சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. இரண்டாண்டுக் காலத்தில் மாத்திரை உண்டோரில் 16 விழுக்காட்டினர்க்கு நோய் மீண்டும் தாக்கியது. ரிட்டுக்சிமாப் பெற்றோரில் 3 விழுக்காட்டினர்க்கே அவ்வாறு நேர்ந்தது. 2023இல் உலக நலவாழ்வு அமைப்பு தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கென முதன்முறையாக மூன்று மருந்துகளைச் சேர்த்தது. கிளாட்டிராமர், கிளாட்ரிபின் ஆகியவற்றோடு மூன்றாவதாக இடம்பெற்றது ரிட்டுக்சிமாப்.

இக்கதையில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. ரிட்டுக்சிமாப் மருந்தை ஒத்த உயிரிமருந்தை 2007இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம். விலை குறைந்ததால் இந்திய நரம்பியலாளர் பலர் அதனைத் தம் நோயாளிகளுக்குத் தரத் தொடங்கினர். மருந்து இங்கே கிடைத்தது. நோயாளிகள் இங்கே இருந்தார்கள். பயன்படுத்திய பட்டறிவும் இங்கே திரண்டது. ஆயினும் கேள்வியை முறையான சோதனையாக்கி விடை கண்டது குளிர்நாடொன்றின் வரிப்பணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், தில்லி எய்ம்ஸ் நிறுவனம் ஒருங்கிணைக்கும் தேசிய எம்.எஸ். பதிவேடு 2021இல் தொடங்கியது. உருகுவேயிலும் ஃபின்லாந்திலும் அல்லாமல் நம் ஊர்களில் இந்நோய் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிய அதுவே முதற்படி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.ஸைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டதற்கு ஐந்தாண்டு கழித்து அப்படி எடுத்து வைக்கப்பட்டது.

இயலாமை என்று இதனைச் சொல்லிவிட முடியாது. ஏனெனில் அந்த மாணவி காத்திருக்கும் அதே நிறுவனம் இதே வகைக் கேள்வி ஒன்றை முன்பே கேட்டு விடையும் கண்டிருக்கிறது.

1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் ஒரு பெருங்கட்டடத்தைக் கேரள மக்களுக்கு வழங்கியது. முன்பு கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளும் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தவை. அந்த அரசின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்றது நாஞ்சில் நாடு. ஆகவே அக்கொடையில் தமிழ் உழவர்களின் வியர்வையும் கலந்திருந்தது எனலாம். 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அந்நிறுவனம் தேசிய முக்கியத்துவம் பெற்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்தது. இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவரும் பொறியாளரும் அங்கே ஒரு கேள்வியைக் கையில் எடுத்தனர்: வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்ற ஏழை இளைஞர்க்கு, இறக்குமதி வால்வு வாங்க இயலாதபோது என்ன செய்வது? உலகச் சந்தைக்கு அக்கேள்வியில் ஆர்வம் இல்லை. வளர்ந்த நாடுகளில் வாதக் காய்ச்சல் மறைந்துகொண்டிருந்தது.

முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. பத்தாண்டுக்கு மேல் நீண்ட அந்தத் தோல்விகளைப் பொதுப்பணம் தாங்கியது. நான்காவது வடிவம் வென்று, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. அதனை உற்பத்தி செய்ய முன்வந்தது சென்னையின் டி.டி.கே. குழுமம். இறக்குமதி வால்வின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்த அவ்வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்குப் பொருத்தப்பட்டுள்ளது.

கட்டடம் கொடை, ஆய்வு நல்கை, உற்பத்தி முதலீடு. மூவகைப் பணமும் அங்கே இணைந்தன. ஆனால் எந்த வரிசையில் இணைந்தன என்பதே கருதத்தக்கது. முதலில் நோயாளியின் தேவை கேள்வியாயிற்று. பணம் அக்கேள்வியைத் தொடர்ந்து வந்தது. ரிட்டுக்சிமாப் கதையில் பணம் முன்னே சென்றது. எந்தக் கேள்வி தன்னைத் தொடரலாம் என்பதை அதுவே முடிவுசெய்தது.

ஆய்வுலகில் இருப்போர்க்கு இது புதிதன்று. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதையும், அறிவிக்கப்பட்ட நிதித்திட்டத்தின் சொற்களுக்கேற்ப ஆய்வுத் தலைப்பு மெல்ல வடிவம் மாறுவதையும் அறியாத ஆய்வு மாணவர் அரியர். ‘இத்தலைப்புக்கு நிதி கிடைக்காது’ என்னும் ஒரு தொடரில் எத்தனையோ கேள்விகள் பிறக்குமுன்பே முடிந்துபோகின்றன. இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. 2023ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது திட்டம். அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பணம் வருவது நன்றே. ஆனால் எவ்வளவு வருகிறது என்று கேட்பதோடு, கேள்வியை யார் தேர்கிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

மாலையில் நாகர்கோவில் செல்லும் வண்டியில் அந்த மாணவி திரும்பிச் செல்கிறாள். பையில் மருந்துச் சீட்டு இருக்கிறது. அதில் எழுதப்பட்ட மருந்து ஏன் அதுவாக இருக்கிறது, ஏன் அந்த விலைக்கு இருக்கிறது என்பதற்கு நியூயார்க்கின் ஒரு தமக்கையும், ரெஹோவோட்டின் ஓர் ஆய்வகமும், ஸ்வீடனின் வரிசெலுத்துவோரும், ஹைதராபாத்தின் ஒரு தொழிற்சாலையும் காரணம். அந்தப் பட்டியலில் அவளுடைய சொந்த மண்ணின் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் என்று இடம்பெறும்? வால்வு செய்த ஊரில் அக்கேள்வியைக் கேட்பது பேராசை ஆகாது.